மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை

எங்கள் பள்ளியில் வணிகவியல் நடத்தும் ரெஜிஸ் சாரிடம் பங்குச் சந்தையில் பணம் பண்ண ஒரு முறை இருந்தது. அது என்ன முறை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பது தலைமையாசிரியரிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரை எல்லாருக்கும் தெரியும். ரகசியம் காப்பதில் அவர் அப்படி.

நான் அதே பள்ளியில் இயற்பியல். பெயர் முஜிபுர் ரஹ்மான். எங்கள் நட்பு என் ஸ்கூட்டரில் வளர்ந்தது. ரெஜிஸ் சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மேலப்புதூரில் ஒரே தெருவில் குடியிருந்ததால் பின்சீட்டு அவருக்கென்று ஆகிவிட்டது. பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் போகும் வேகத்தைப் பற்றியும் நாட்டின் பணவீக்கத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லிக்கொண்டே வருவார். இரண்டுமே அவருக்கு அதிகம்.

காலையில் பிரேயர் முடிந்ததும் நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போவார். அங்கிருந்து தங்கை கணவர் பிரிட்டோவுக்கு போன் போடுவார். பிரிட்டோ பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். நல்ல வேலைக்காரர், நல்ல மனிதர், ஞாயிறு பூசை தவறாதவர். அவரும் சந்தையில் வியாபாரம் செய்கிறவர்தான்.

"என்ன மாப்ள, சாப்டாச்சா? இன்னைக்கு மார்க்கெட் எப்படி? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து பிரிட்டோவின் குரல் எனக்கே கேட்கும். முந்தின நாள் டிவியில் கோட் போட்டவர் சொன்னது, டெலிகிராம் குழுவில் வந்தது, தன் மனசுக்குப் பட்டது எல்லாவற்றையும் கலந்து, "இன்னைக்கு ஏறும் மச்சான், எழுதி வச்சுக்குங்க" என்பார். "சரிங்க மாப்ள, நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டு, ரெஜிஸ் சார் தன் செல்போனில் ஏதோ இரண்டு தட்டு தட்டுவார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவார். என்ன ஒரு ஒட்டுறவு என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் பெருநாளுக்குப் பெருநாள்தான் பேசிக்கொள்வார்கள், அதுவும் பிரியாணியைப் பற்றி.

ரெஜிஸ் சார் சந்தையில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் தோற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம், இரண்டு பெண்களின் ஃபீஸ் என்று முறை அவரைக் காப்பாற்றி வந்தது. அது அவருக்குப் போதவில்லை.

"முறை சரியா இருக்கு பாய், முதல்தான் இல்ல. ஒரு ஃபண்டிங் மட்டும் கிடைச்சா இந்தச் சாக்பீஸ மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிடுவேன்" என்பார். யார் மூஞ்சியில் என்று சொல்லமாட்டார். தலைமையாசிரியர் காதில் விழுந்துவிடும் அல்லவா.

ஃபண்டிங் என்றால் பிறத்தியார் பணம். அவர்கள் பணம் போடவேண்டும், இவர் வியாபாரம் செய்வார், லாபத்தில் ஒரு பங்கு இவருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரு வங்கி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்க, இவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அடுத்து தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், செபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தார். சுண்டல் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

பிறகு என் மாமு நஸ்ருல்லாவிடம் நானே அழைத்துப் போனேன். மாமு குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து பெரிய கடை வீதியில் அத்தர் கடை வைத்திருப்பவர். வட்டிக்குக் கொடுக்கமாட்டார். ஆனால் கூட்டு வியாபாரம் என்றால் காது கொடுப்பார்.

"லாபத்துல பங்கு, நஷ்டம் வந்தா பணம் போட்ட என்னோடது, உங்களுக்கு உழைப்பு போச்சு. அது எங்க மார்க்கத்துல சரியான முறைதான் சார்" என்றார் மாமு. "ஆனா சரக்கு என்னன்னு தெரியாம நான் கை குடுக்க மாட்டேன். உங்க சரக்கு என்ன?"

"அது வந்து பாய், தனிப்பட்ட முறை. வெளிய சொன்னா பலிக்காது."

"தாயத்தா?"

"இல்லைங்க, வியாபார முறை."

மாமு ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார். "சரி, வேற ஒண்ணு கேக்குறேன். இந்த வியாபாரத்துல நீங்க ஜெயிச்சா யாராவது ஒருத்தன் தோக்கணும்ல. யாரு சார் தோக்குறது?"

ரெஜிஸ் சார் முகம் செத்துவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மாமு அவருக்கு ஒரு மரிக்கொழுந்து அத்தரைப் பாதி விலையில் விற்று அனுப்பிவைத்தார். ஃபண்டிங் தேடிப் போன இடத்தில் இவர் கையிலிருந்ததும் போயிற்று.

கடைசியில் அகப்பட்டார் ஆடிட்டர் அழகிரி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அபார்ட்மெண்ட். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். தினமும் காலையில் அவருடன் நடை போகும் பென்ஷன்காரர்கள் ஒரு டஜன் பேர் உண்டு. எல்லாரும் வங்கியிலும் பெல் நிறுவனத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வங்கி வட்டி குறைந்ததிலிருந்து அவர்கள் நடை வேகம் கூடியிருந்தது. அவ்வளவு பேர் பணமும் அழகிரி சொல்கிற இடத்துக்குப் போகும்.

அழகிரி ரெஜிஸ் சாரின் பத்து வருஷக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். என் ஸ்கூட்டரில்தான் போனோம். அழகிரி வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்துவிட்டு, நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தார்.

"பெருமாள் அனுக்ரஹம், கணக்கு சுத்தம். பத்து வருஷத்துல பெரிய சறுக்கலே இல்லை. எங்க க்ரூப் தயார். லைசென்ஸ் கிய்சென்ஸ்னு கேப்பா. அதெல்லாம் கூட்டு நிறுவனம்னு பேர் வச்சு நான் பாத்துக்கறேன். ஆனா முறை என்னன்னு சொல்லணும்."

"சார், அது..."

"பெருமாள்கிட்ட காரணம் கேக்காம சரணாகதி பண்ணலாம் சார். பென்ஷன் பணத்தைப் பண்ண முடியாது."

ரெஜிஸ் சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஃபண்டிங் ஒரு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. சொல்லிவிட்டார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் பிரிட்டோன்னு பேரு. அவர் சந்தையில எதைத் தொட்டாலும் தோக்கும் சார். ஏறும்னு பணம் போட்டா இறங்கும். இறங்கும்னு போட்டா ஏறும். எனக்கு முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சு. தினமும் காலையில போன் போட்டு அவர் என்ன நினைக்கிறார்னு கேப்பேன். அதுக்கு நேர்மாறா நான் போடுவேன். அவ்வளவுதான் முறை."

எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அந்த வேப்பமரத்தடி, அந்த "சாப்டாச்சா மாப்ள", எல்லாம் இதற்குத்தானா!

அழகிரி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை எடுத்தார்.

"பேஷ். அவருக்கு வயசு?"

"நாப்பத்திரண்டு."

"உடம்புக்கு?"

"லேசா பி.பி. இருக்கு சார்."

"நஷ்டத்தாலயா?"

"இருக்கலாம்."

"அதைக் கவனிக்கணும். ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கு, நல்லது. குடிப்பாரா?"

"இல்ல சார். ஞாயித்துக்கெழம பூசைக்குத் தவறாம போவார்."

"ரொம்ப நல்லது. நம்பிக்கை உள்ளவா சீக்கிரம் விடமாட்டா. ஒரே ஒரு சந்தேகம். திடீர்னு ஒருநாள் அவர் ஜெயிக்க ஆரம்பிச்சுட்டா?"

"வாய்ப்பே இல்ல சார்" என்றார் ரெஜிஸ் சார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குடும்பப் பெருமை இருந்தது.

அழகிரி நிபந்தனை போட்டார். பிரிட்டோ மூன்று வருஷமாவது விடாமல் வியாபாரம் செய்யவேண்டும். அதற்கு ரெஜிஸ் சார் பொறுப்பு. கையில் காசு தீர்ந்து அவர் தளர்ந்துவிடக் கூடாது. அப்படித் தளர்ந்தால் மாதம் ஒரு தொகை கூட்டு நிறுவனத்திலிருந்து வரும். ரெஜிஸ் சார் அதைத் தன் சொந்தப் பணம்போல மாப்பிள்ளைக்குக் கைமாற்றாகக் கொடுக்கவேண்டும். தோற்பதற்குச் சம்பளம் நிர்ணயம் ஆவதை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்று முடிவானது.

திரும்பும்போது மாம்பழச்சாலையிலேயே வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு உடம்பெல்லாம் எரிச்சல்.

"சார், அது உங்க கூடப்பிறந்த தங்கச்சி வீடு சார்."

"நானா அவரத் தோக்கச் சொன்னேன்? நான் கேட்டாலும் தோப்பார், கேக்காட்டியும் தோப்பார். எப்படியும் வெளிய போற பணம் பாய். அதுல கொஞ்சம் குடும்பத்துக்குள்ளயே தங்கட்டுமேன்னுதான்."

படித்த மனிதர் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் அதை முறியடிக்க இயற்பியலில் இடமில்லை. "ஒரு தடவையாவது, வேணாம் மாப்ள, விட்டுருங்கன்னு சொல்லிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன். காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, வீடு வரும்வரை பின்சீட்டுக்காரர் என் வண்டி வேகத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை பள்ளி கேட்டருகே அவர் தங்கை லின்சி நின்றிருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். நான் வண்டியைத் துடைப்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்றேன். காது தள்ளி நிற்கவில்லை.

"அண்ணா, துவாக்குடி மனைய விக்கணும்னு ஆளையும் பாத்து வச்சுட்டு நிக்கிறாருண்ணா. அது நான் நைட் டியூட்டி பாத்துத் தவணை கட்டினது. அதுவும் போயிட்டா பிள்ளைங்களுக்குன்னு எதுவும் இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் சொன்னா கேப்பாராம்மா?"

"நீ சொன்னா மட்டும்தான் கேப்பாரு. நான் சொன்னா என்ன பதில் தெரியுமா? 'உங்க அண்ணன் காமர்ஸ் வாத்தியாரு, அவரே தினமும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா கேப்பாரா'ங்கிறாரு. நான் வாய மூடிக்கிறேன்."

ரெஜிஸ் சார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிரிட்டோ எப்படியும் தோற்பார் என்று இவர் சொன்ன நியாயம் அங்கேயே உடைந்துவிட்டது. அந்த மனிதரை விடாமல் பிடித்து வைத்திருந்ததே இவருடைய காலை போன்தான்.

"பேசுறேம்மா" என்றார். "அடுத்த வாரம் கண்டிப்பா பேசுறேன்."

அடுத்த வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. லின்சிக்கு அது தெரியாது. அண்ணன் சொன்னதே போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுஷரை வண்டியில் ஏற்றாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். பழகிவிட்டால் கோபத்துக்கும் பின்சீட்டில் இடம் கொடுத்துவிடுகிறோம்.

சனிக்கிழமை மாலை ரெஜிஸ் சார் வீட்டுக்குப் போனேன். கூட்டு நிறுவனப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்தார். போடமுடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பிரிட்டோவும் லின்சியும் வந்துவிட்டார்கள். பிரிட்டோ சலவைச் சட்டை போட்டு, கையில் ஆப்பிள் பையோடு, பெண் பார்க்க வந்தவர்போல் இருந்தார்.

"மச்சான், நான் விட்டுட்டேன்" என்றார் உட்காராமலே. "வியாபாரத்த விட்டுட்டேன். போன்ல இருந்த ஆப்பைக்கூட அழிச்சாச்சு."

"ஏன் மாப்ள?" ரெஜிஸ் சார் பதறி எழுந்தார். "அவசரப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் பாருங்களேன்."

லின்சி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். ரெஜிஸ் சார் தன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல மச்சான். எனக்குக் கை ராசி இல்ல. துவாக்குடி மனைய வித்துட்டேன்." பையில் ஆப்பிளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "இது செக். உங்க பேருக்கே எழுதிட்டேன். உங்க முறையில போடுங்க. இன்னதுதான் பண்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

ரெஜிஸ் சார் கவரைத் தொடவில்லை.

"ஏன் உங்ககிட்டன்னு யோசிக்கிறீங்களா? பத்து வருஷமா தினமும் காலையில போன் பண்ணி, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு என்னைக் கேட்ட ஒரே ஆளு நீங்கதான் மச்சான். ஒர்க்‌ஷாப்ல என்கிட்ட ஸ்பேனர் எங்கன்னுதான் கேப்பாங்க. நான் சொன்னதெல்லாம் தப்பாப் போச்சுன்னு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் என் மனசு நோகக் கூடாதுன்னு ஒருநாள் விடாம கேட்டீங்க பாருங்க. அந்த மனுசன்கிட்ட குடுக்காம வேற யார்கிட்ட குடுப்பேன்?"

"அண்ணன்கிட்டதான் போகுதுன்னாரு. நான் மறுயோசனையே பண்ணல, கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் லின்சி. பள்ளி கேட்டிலிருந்து போனபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தார். அண்ணன் பேசிவிட்டார், அதனால்தான் புருஷன் மாறிவிட்டார் என்றே நினைத்திருக்கிறார்.

ரெஜிஸ் சார் உள்ளே போனார். குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வாங்காவிட்டால் திங்கட்கிழமை சந்தை திறந்ததும் அந்தப் பணம் எங்கே போகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் ஃபண்டிங் அதுதான்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போனோம். அழகிரி வீட்டுக் கூடத்தில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை வியாபாரத்தை நிறுத்திட்டார் சார்" என்றார் ரெஜிஸ் சார்.

"அடடா. கையில காசு இல்லாமயா? அதுக்குத்தான் நாம ஏற்பாடு பண்ணியிருக்கோமே."

"இல்ல சார். மனைய வித்து எல்லாத்தையும் என்கிட்ட போட்டுட்டார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அழகிரி பேனாவை மூடினார். மற்ற நாலு பேனாக்களும் மூடின. "சார், மன்னிச்சுக்கணும். அவர் கை வச்ச எதுவும் பத்து வருஷமா தேறினதில்லைன்னு கணக்குல நானே பாத்தேன். இப்போ உங்க மேல கை வச்சிருக்கார். உங்க முறையை நான் பூரணமா நம்பறேன். அதனாலதான் விலகிக்கறேன்." தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வரவழைத்துக் கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் வந்து மரியாதையாக வழியனுப்பினார்.

செக் பணமாகி வந்த அன்றே ரெஜிஸ் சார் லின்சியை வரச்சொல்லி, தபால் ஆபீசுக்குக் கூட்டிப் போய், அவ்வளவையும் லின்சி பெயரிலேயே மாத வருமானத் திட்டத்தில் போட்டுவிட்டார். "மாப்ளகிட்ட சொல்லாதம்மா, முறையில போட்டிருக்கேன்னே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். லின்சி ஏன் என்று கேட்கவில்லை. புருஷன் மறுபடி ஆப்பை இறக்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார். மாதாமாதம் அந்த வட்டிதான் லாபம் என்று பிரிட்டோ கைக்குப் போகிறது. அது கொஞ்சம்தான். சந்தை லாபம் என்றால் இவ்வளவுதானா என்று பிரிட்டோ நினைத்துவிடக் கூடாதே என்று ரெஜிஸ் சார் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறார். அதற்காக மாலையில் டியூஷன் எடுக்கிறார். மாப்பிள்ளை வியாபாரம் நின்றதும் இவருடைய முறையும் நின்றுபோனதால் வஞ்சிரம் மத்தியாகி, மத்தி இப்போது கருவாட்டில் நிற்கிறது.

"உண்மையச் சொல்லிடுங்க சார்" என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன்.

"சொல்லலாம் பாய். பணம் போனா அவர் தாங்கிக்குவார், பழக்கம். இத எப்படித் தாங்குவார்?"

பிரிட்டோ சும்மா இருக்கிற ஆளா? "என் மச்சான் முறையில ஒரு மாசம்கூட நஷ்டமே கிடையாது" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது பொன்மலையிலிருந்து ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். சேமநிதிக் கடன், சீட்டுப் பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்தது என்று கையில் வைத்துக்கொண்டு ரெஜிஸ் சார் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒருவரும் அடமானம் கேட்பதில்லை, கணக்கு கேட்பதில்லை, முறை என்ன என்று மூச்சு விடுவதில்லை. முறை இருந்தவரை வராத ஃபண்டிங், முறை செத்தபிறகு வீடு தேடி வருகிறது. அவர் கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறார். அது அடக்கம் என்று ஊரில் பெயராகி, மறுநாள் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

போன வாரம் பிரேயர் முடிந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். ரெஜிஸ் சாரின் போன் அடித்தது. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு பிரிட்டோதான் கூப்பிடுகிறார்.

"சாப்டாச்சா மச்சான்? இன்னைக்கு நாம என்ன வாங்குறோம்?"

"இன்னைக்கு..." என்று ஆரம்பித்த ரெஜிஸ் சார், பத்து வருஷப் பழக்கத்தில், "நீங்க என்ன நினைக்கி..." என்று பாதி கேட்டுவிட்டார். அதற்குமேல் வரவில்லை. போனை மார்போடு அழுத்திக்கொண்டு மரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.

"ஹலோ, மச்சான்? லைன்ல இருக்கீங்களா?" என்று பிரிட்டோ சட்டைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.